கருத்த முகத்தைக் கருப்பாகவே எடுக்கிற ஸ்டுடியோ: திருப்பூர் காதர்பேட்டை

திருப்பூரில் நல்ல போட்டோ ஸ்டுடியோ எது என்று யார் கேட்டாலும் நான் இப்போது சொல்வது காதர்பேட்டையில், பனியன் மொத்தக் கடைகளுக்கு மேலே முதல் மாடியில் இருக்கிற ஒரு சின்ன ஸ்டுடியோவைத்தான். பெயர் போட வேண்டாம், இருக்கிற கூட்டத்துக்கே ஆள் பத்தவில்லை என்று ஓனர் அண்ணன் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. ரயில்வே ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போய்விடலாம், காதர்பேட்டைக்குள் நுழைந்து யாரிடமாவது "பாஸ்போர்ட் போட்டோ, மாடியில" என்றால் கை காட்டுவார்கள். பேருக்குப் பாஸ்போர்ட் போட்டோ கடை என்றாலும் ஜாதகப் போட்டோ, நிச்சயதார்த்தம், கல்யாணம், பிள்ளைக்குக் காது குத்து எல்லாம் எடுக்கிறார்கள்.

நான் போனது என் தங்கச்சிக்கு ஜாதகத்தோடு கொடுக்கப் படம் எடுக்க. அவள் நல்ல கருப்பு. எங்கள் அமுச்சி (அம்மாவைப் பெற்றவர்) மாதிரியே களையான முகம், சிரித்தால் கன்னம் மேலே ஏறும். அதற்கு முன்னால் வேறொரு பெரிய ஸ்டுடியோவில் எடுத்திருந்தோம், ஏசி, சோபா, காபி எல்லாம் கொடுத்தார்கள், வந்த படத்தில் இருந்தது என் தங்கச்சி இல்லை. முகம் மட்டும் ரெண்டு மூணு ஷேட் வெளுத்து, மூக்கு ஓரமெல்லாம் வழுவழுவென்று அழிந்து, காதும் கழுத்தும் ஒரு நிறம், கன்னம் ஒரு நிறம். கேட்டால் "எல்லாருக்கும் இப்படித்தானுங்க பண்ணுவோம், ஜாதகப் போட்டோ இல்லீங்களா" என்கிறார்கள். யாரும் வெளுக்கச் சொல்லிக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள், கேட்காமலே செய்வதுதான் அங்கே சேவை. அந்தப் படத்தைத் தரகர் வாட்ஸ்அப்பில் அனுப்பி, ஒரு மாப்பிள்ளை வீட்டார் பொண்ணு பார்க்க வந்து, வாசலில் அவள் தண்ணீர் சொம்போடு வந்து நின்றபோது மாப்பிள்ளையின் அம்மா போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன், அவளும் மறக்க மாட்டாள். கருப்பராயனுக்குக் கெடா வெட்டிப் பொங்கல் வைக்கிற ஊரில், கருப்பாகப் பிறந்த பிள்ளைக்கு இந்த நிலைமை.

சரி, காதர்பேட்டை ஸ்டுடியோவுக்கு வருவோம். அண்ணனுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும், ஃபிலிம் காலத்திலிருந்து இதே தொழில். தங்கச்சியை ஸ்டூலில் உட்கார வைத்து, ரொம்ப நேரம் கேமராவையே தொடவில்லை, லைட்டைத்தான் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருந்தார். நான்தான் முந்திக்கொண்டு "வெளுக்க வேண்டாமுங்க" என்றேன். "ஏனுங் அம்மிணி, இந்தப் புள்ளைக்கு எதுக்குங்க வெளுப்பு? மூஞ்சிக்கு வெளிச்சம் சரியா விழுந்தாப் போதும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வந்த படத்தில் அவள் அவளாகவே இருந்தாள், தோலில் ஒரு மினுமினுப்பு, நெற்றி மேட்டில் ஒரு சின்ன ஒளி, தாடைக்குக் கீழே நிழல், கண் தெளிவாக, வெளுக்கவும் இல்லை, சாம்பல் பூத்த மாதிரியும் இல்லை. அம்மா படத்தைப் பார்த்துவிட்டு "நம்ம புள்ள!" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

இது எப்படி வருகிறது என்று நான் விடாமல் கேட்டேன், ஏனென்றால் நிறம்தான் எனக்கும் சோறு போடுகிறது. நான் பனியன் கம்பெனியில் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்கிற மெர்ச்சண்டைசர். சரக்கு வாங்குகிற பையர் ஒரு ஷேட் கொடுத்தால் டையிங்கில் லேப் டிப், அதாவது அந்த நிறத்தில் சின்னத் துணி மாதிரி, போட்டு வாங்கி, லைட் பாக்ஸுக்குள் வைத்து டி65 என்கிற பகல் வெளிச்சத்தில் ஒரு முறை, கடை வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்து, துளி சிவப்பு ஏறியிருந்தால்கூட லாட்டையே திருப்பி அனுப்புகிறோம். ஒரு டீ-சர்ட்டின் மெரூனுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிற ஊரில் ஒரு பெண்ணின் முகத்தை ஷேட் மாற்றிக் கொடுப்பது எப்படி யாருக்கும் தப்பாகவே படவில்லை?

அண்ணன் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். கேமராவில் இருக்கிற, வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை ஒரு நடுத்தரச் சாம்பலாக ஆக்கத்தான் பார்க்கும். மாப்பிள்ளை வெள்ளை வேட்டி சட்டையில் நின்றால் ஃபிரேம் முழுக்க வெள்ளை, மீட்டர் பயந்துபோய் வெளிச்சத்தைக் குறைத்துவிடும், கருத்த முகம் இருட்டாகிவிடும். பாஸ்போர்ட், விசா போட்டோவில் வெள்ளைப் பின்னணி கட்டாயம் என்பதால் இன்னும் மோசம். அப்புறம் கம்ப்யூட்டரில் பிரைட்னஸை ஏற்றுவார்கள், ஏற்றினால் முகம் சப்பையாகி நிறம் செத்துவிடும், அதைச் சரிக்கட்ட டச்சப், டச்சப்பில் வெளுப்பு. இவர் முகத்துக்குத் தனியாக மீட்டர் பார்க்கிறார், பின்னணிக்குத் தனி லைட், நேராக அடிக்கிற பிளாஷ் கிடையாது. துணி மூடிய பெரிய லைட்டை, சாஃப்ட்பாக்ஸ் என்பார்கள், பக்கவாட்டில் வைத்து மறுபக்கம் ரிஃப்ளெக்டர் பிடிக்கிறார். கருத்த தோலுக்கு வடிவம் கொடுப்பது நிழலைவிட அதன் மேல் படர்கிற மினுமினுப்புதான், அதனால் லைட் சின்னதாக இருந்தால் எண்ணெய்ப் பொட்டு மாதிரி பளிச்சிடும், பெரிதாக இருந்தால் மெல்லப் படரும் என்றார். கல்யாண மண்டபத்தில் ஊதா எல்.இ.டி. போட்டுவிட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறார், டெக்கரேஷன்காரரிடம் முன்னாலேயே பேசச் சொல்கிறார். பேசுங்கள், ரொம்ப முக்கியம்.

கலர் ஃபிலிம் வந்த காலத்திலேயே இந்தக் கோளாறு ஆரம்பித்துவிட்டது என்பதைத் தெரிந்துகொண்டால் கோபம் இன்னும் கூடும். ஃபிலிம் தயாரித்த கோடக் கம்பெனி 1950-களிலிருந்து பிரிண்ட் போடுகிற லேப்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பிக்கொண்டிருந்தது, அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் படம் இருக்கும். அந்தக் கம்பெனியில் வேலை பார்த்த முதல் மாடலின் பெயரையே வைத்து ஷெர்லி கார்டு என்று சொல்வார்கள். பிரிண்ட் போடுகிறவர் ஷெர்லியின் தோல் சரியாக வருகிறதா என்று பார்த்து மெஷினை செட் பண்ணுவார், அவ்வளவுதான், சரியான நிறம் என்றால் அவள் நிறம். கருப்புப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் சேர்ந்து நிற்கிற பள்ளிக்கூட குரூப் போட்டோவில் கருப்புப் பிள்ளைகளின் முகத்தில் கண்ணும் பல்லும்தான் தெரியும். அதற்காக அம்மாக்கள் புகார் சொன்னார்கள். கம்பெனி பெரிதாக அசையவில்லை. சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மர சாமான் விற்கிறவர்களும் எங்கள் பிரவுன் சரியாக வரவில்லை என்று சொன்ன பிறகுதான் ஃபிலிமைத் திருத்துகிற வேலை வேகமெடுத்தது என்று அந்தக் கம்பெனியில் இருந்தவர்களே கனடா ஆய்வாளர் லோர்னா ராத்திடம் சொல்லியிருக்கிறார்கள். மனுஷர்களின் தோலுக்கு நடக்காதது மேஜை நாற்காலிக்கு நடந்தது.

எடுத்த உடனே படம் வெளியே வருகிற கேமரா செய்த போலராய்டு கம்பெனியின் கதை வேறு மாதிரி. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி அரசு கருப்பர்கள் எங்கே போனாலும் கையில் வைத்திருக்க வேண்டும் என்று பாஸ் புத்தகம் கொடுத்தது, அதில் ஒட்டுகிற படத்துக்குப் போலராய்டின் ஐடி-2 கேமரா போனது, அதில் பிளாஷ் வெளிச்சத்தைக் கூட்ட ஒரு பொத்தானும் இருந்தது. 1970-ல் அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்த்த கரோலின் ஹன்டர், கென் வில்லியம்ஸ் என்ற இரண்டு கருப்பின ஊழியர்கள் இதைக் கண்டுபிடித்துப் போராட்டம் ஆரம்பித்தார்கள். கம்பெனி தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேற 1977 வரை ஆயிற்று. குடும்பப் படத்தில் கருத்த முகம் தெரியாமல் போனதைப் பற்றிக் கவலைப்படாத கேமரா உலகம், அதே முகத்தைப் போலீஸ் அடையாளம் காண வேண்டும் என்றதும் தெளிவாக எடுக்கக் கற்றுக்கொண்டது. எனக்கு இதுதான் தாங்கவே முடியாத இடம்.

இதெல்லாம் அங்கே, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். 1857 சிப்பாய்க் கலகத்துக்கு அப்புறம் பிரிட்டிஷ்காரர்கள் இந்தியாவில் எந்தெந்தக் கூட்டம் எப்படி எப்படி என்று படம் பிடித்து 1868-லிருந்து 1875 வரை எட்டுத் தொகுதி போட்டார்கள், படத்தோடு இந்தக் கூட்டத்தார் குணம் இப்படி என்று குறிப்பும் இருக்கும். லாம்ப்ரே என்கிற பிரிட்டிஷ்காரர் இரண்டு அங்குலக் கட்டமாக நூல் கட்டிய சட்டத்துக்கு முன்னால் ஆளை நிறுத்திப் படம் எடுக்கச் சொல்லிக் கொடுத்தார், ஆள் உயரமும் அகலமும் படத்திலேயே அளக்கலாம் என்று. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ரிஸ்லி, மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கி, அந்த எண் கூடக் கூட சமூகத்தில் படி இறங்கும் என்று சொன்னார். சென்னை மியூசியத்தின் சூப்பிரண்டு எட்கர் தர்ஸ்டன் காலிப்பர் கருவியோடு நம் ஆனைமலைக் காட்டுக்கே வந்து காடர்களின் தலையையும் மூக்கையும் அளந்தார், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-ல் வந்த அவருடைய ஏழு தொகுதிப் புத்தகத்தில் அப்படிப்பட்ட அளவும் படமும் இருக்கின்றன. பொள்ளாச்சிக்கு மேலே இருக்கிற மலையில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் ஒரு நாள் காலையில் மாதிரிச் சரக்கு ஆகிவிட்டார்கள். அவர்களிடம் பெயர் கேட்டு, உங்களைப் பற்றி நீங்களே சொல்லுங்கள் என்று யாரும் உட்கார வைத்துப் பேசவில்லை.

அந்தக் காலிப்பர் போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, ஆனால் நம் ஊர் விசேஷ வீடுகளில் புது முகம் ஒன்றைப் பார்த்ததும் மேலும் கீழும் கண்ணை ஓட்டி "எந்த ஆளுங்க?" என்று கேட்கிறோமே, ரிஸ்லி செய்த வேலைதானே அது? கருத்த பெண் என்றால் வரதட்சணை கூட, கருத்த பையன் நல்லாப் படித்தால் "அந்தக் கலருக்கு" என்று ஒரு இழுப்பு. நிறமும் சாதியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால்தான் போட்டோவில் வெளுக்கிற வேலை வெறும் அலங்காரம் ஆகாது, ஒரு படி மேலே ஏற்றிக் காட்டுகிற வேலை அது. ஃபேர் அண்ட் லவ்லி 1975-ல் வந்தது, 2020-ல் குளோ அண்ட் லவ்லி ஆயிற்று, எங்கள் நங்கையா இன்னும் பழைய பெயரைச் சொல்லித்தான் மளிகைக் கடையில் வாங்குகிறாள், பிள்ளைகள் முகத்திலும் பூசுகிறாள்.

இந்த ஸ்டுடியோவைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு முக்கியமான காரணம் அங்கே வருகிற ஆட்கள். காதர்பேட்டைக்குப் பனியன் சரக்கு எடுக்க நைஜீரியாவிலிருந்தும் மற்ற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் வியாபாரிகள் பல வருஷமாக வருகிறார்கள், சின்னக் குறை உள்ள செகண்ட்ஸ் லாட்டை மூட்டை மூட்டையாக எடுப்பார்கள், இந்த ஊர் வியாபாரத்தில் அவர்கள் பணமும் ஓடுகிறது. விசா நீட்டிப்புக்கு, ரிஜிஸ்ட்ரேஷனுக்கு அவர்களுக்குப் போட்டோ வேண்டும். வேறு கடைகளில் எடுத்தால் வெள்ளைப் பின்னணியில் முகமே தெரியாமல் கரிக்கட்டை மாதிரி வருகிறது, விண்ணப்பம் திரும்பி வந்துவிடுகிறது என்று ஒரு வியாபாரி ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னார். இங்கே அவர் இரண்டு காதும் தெரிய, நெற்றி, கண், தாடி எல்லாம் துல்லியமாக இருக்கிற படத்தை வாங்கிப் பார்த்து, ரொம்ப நேரம் பார்த்து, அப்புறம்தான் பர்ஸில் வைத்தார். அண்ணன் அவரை "சார், சின் டவுன் சார்" என்று கூப்பிட்டதையும், அதே குரலில் அடுத்து வந்த ஒடிசாப் பையனையும் "சார்" என்றதையும் நான் பார்த்தேன். சின்ன விஷயம்தான். இந்த ஊரில் அந்தப் பையனை "டேய் பாய், இங்க வா" என்று கூப்பிடாத கடை எத்தனை இருக்கிறது சொல்லுங்கள்.

அந்த வியாபாரி உள்ளே வந்தபோது பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு குடும்பம் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தது. ஒரு பையன் போனை எடுத்துத் தெரியாத மாதிரி வீடியோ எடுத்தான். மார்ட்டினிக் தீவில் 1925-ல் பிறந்து பிரான்சில் மனநல மருத்துவம் படித்த ஃபிரான்ஸ் ஃபனான், ஒரு வெள்ளைக்காரக் குழந்தை தன்னைக் கை நீட்டிக் காட்டி அம்மாவிடம் பயமாக இருக்கிறது என்று சொன்னதை எழுதியிருக்கிறார். அந்த ஒரு நொடியில், தன் உடம்பைத் தானே வெளியே நின்று அந்தக் குழந்தையின் கண்ணால் பார்க்க வேண்டியதாகிவிட்டது என்கிறார். என் தங்கச்சி வாசலில் சொம்போடு நின்றபோது அவளுக்கு நடந்தது அதேதான் என்று நான் நினைக்கிறேன். பெஞ்சில் தள்ளி உட்கார்ந்த குடும்பத்திலும் எங்களைப் போலக் கருத்த முகங்கள்தான் இருந்தன. வெள்ளைக்காரன் நம்மை எந்தக் கண்ணால் பார்த்தானோ அந்தக் கண்ணை வாங்கி நாம் நைஜீரியாக்காரரைப் பார்க்கிறோம், பீகார்ப் பையனைப் பார்க்கிறோம். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவி, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே திருப்பூர் வரை வந்து விசாரித்துவிட்டுப் போனது. வீடியோ பொய், ஆனால் அதைப் பார்த்துப் பயந்து ஊருக்கு ரயில் ஏறிய பிள்ளைகளின் பயம் பொய் இல்லை, ஏற்கெனவே நாம் அவர்களைத் தள்ளி உட்கார வைத்திருந்ததால்தான் அவ்வளவு சீக்கிரம் நம்பினார்கள்.

மெஷின்களும் இதையே கற்றுக்கொண்டிருக்கின்றன. 2018-ல் ஜாய் புலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு கம்ப்யூட்டர் ஆய்வாளர்கள் மூன்று பெரிய கம்பெனிகளின் முகம் பார்க்கிற சாஃப்ட்வேர்களைச் சோதித்தார்கள், ஆணா பெண்ணா என்று சொல்வதில் வெளுத்த ஆண்களுக்குப் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம், கருத்த பெண்களுக்கு 34.7 சதவீதம் வரை. நான் பார்த்த ஒரு கம்பெனியில் முகம் காட்டிப் போடுகிற அட்டெண்டன்ஸ் மெஷின் முன்னால் செக்கிங் பிரிவுப் பெண் ஒருவர் தினமும் நெற்றியைத் துடைத்துத் துடைத்து நிற்பார், பின்னால் வரிசை கத்தும். மெஷினைத் திட்ட ஆளில்லை.

குறை சொல்லாமல் விட மாட்டேன். முதல் குறை, கீழே படிக்கட்டு வாசலில் இருக்கிற கண்ணாடி ஷோகேஸ். அதில் இருக்கிறது முழுக்க நம் ஊர்க் கல்யாணப் பெண்கள், அதிலும் பெரும்பாலும் வெளுத்தவர்கள், பழைய படங்கள். கடைக்கு அன்றாடம் சோறு போடுகிற நைஜீரியாக்காரர் முகம் ஒன்றுகூட இல்லை, ஒடிசாப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. அவ்வளவு அழகாக எடுக்கத் தெரிந்தவர் அதை வெளியே வைக்கத் தயங்குகிறார். கேட்டேன். "வெச்சா நம்ம சனம் படியேறாதுங்க அம்மிணி" என்றார். நான் ஏற்றுக்கொள்ளவில்லை, நேரிலேயே சொல்லிவிட்டேன், இங்கேயும் சொல்கிறேன். ஷோகேஸில் இல்லாதவர் அந்த ஊரிலேயே இல்லாதவர் ஆகிவிடுகிறார். என் தங்கச்சி படத்தை வைத்துக்கொள்ளுங்கள், கூடவே கேட்டு அனுமதி வாங்கி அவர்களுடையதையும் வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறார்.

இரண்டாவது, அண்ணன் இல்லாத நேரத்தில் கம்ப்யூட்டரில் உட்காருகிற தம்பி பழக்க தோஷத்தில் தோலை வழுவழுவென்று ஆக்குகிற ஸ்மூத்திங் போட்டுவிடுவார். நல்ல பையன்தான், ஆனால் கற்றுக்கொண்டது வேறு இடத்தில். பிரிண்டுக்குப் போவதற்கு முன்னால் திரையில் காட்டச் சொல்லுங்கள், கழுத்தும் கன்னமும் ஒரே நிறமா என்று பாருங்கள். எங்கள் அப்பா படத்தில் முகச் சுருக்கத்தை எடுத்துவிட்டார், திரும்பப் போடச் சொன்னதும் முகம் சுளிக்காமல் போட்டுக் கொடுத்தார்.

விலை நியாயம். பாஸ்போர்ட் போட்டோ எட்டு காப்பி 100 ரூபாய், விசா அளவுக்குக் கொஞ்சம் கூட. உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை, வெளியூர்க்காரருக்கு ஒரு விலை கிடையாது, போர்டில் எழுதி மாட்டியிருக்கிறார்கள், கீழே ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதியிருக்கிறது. ஜாதகப் போட்டோவுக்குத் தனியாக அரை மணி நேரம் ஒதுக்குகிறார், அதற்கு முன்னாலேயே போன் பண்ணிவிடுங்கள். ஆல்பம் பைண்டிங் சுமார்தான், டிசைன் எல்லாம் ரோஜாப்பூவும் இதயமுமாகப் பத்து வருஷத்துக்கு முந்தையது, படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு பைண்டிங்கை ஈரோட்டிலோ கோயமுத்தூரிலோ போட்டுக்கொள்வது நல்லது. டெலிவரி சொன்ன தேதிக்கு வராது, தீபாவளி சீசனில் இன்னும் இழுக்கும். படிக்கட்டு குறுகல், வயசானவர்களைக் கூட்டிப் போனால் ஒருவர் பின்னால் பிடித்துக்கொள்ள வேண்டும். வண்டி நிறுத்த இடமே கிடையாது.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: போவதற்கு முன்னால் பவுடர் போடாதீர்கள், அண்ணனே துடைக்கச் சொல்லிவிடுவார். அரக்கு, மயில் கழுத்துப் பச்சை, மாம்பழ மஞ்சள் எல்லாம் கருத்த தோலுக்கு அங்கே அருமையாக விழுகிறது. தங்கச்சி அரக்கில்தான் எடுத்தாள். அந்தப் படத்தைத் தரகரிடம் கொடுத்தபோது "கொஞ்சம் லைட்டா ஏத்திக் குடுங்களேன்" என்றார், அப்படி ஏற்றிக் கொடுக்கிற இடத்துக்கு எங்கள் பிள்ளை தேவையில்லை என்று அம்மாவே சொல்லிவிட்டார்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் விடுமுறை, மற்ற நாள் காலை பத்து மணிக்குத் திறக்கிறார்கள், ஜிபே உண்டு.